கை பலம் மட்டும் போதாது... காலும் பொறுமையும் வேணும்! பாறை ஏறுவதில் அடுத்த 'கிரேடு' தாண்டுவது எப்படி?

தாம்பரம்:

தாம்பரத்தில் இருந்து பீச் செல்லும் மின்சார ரெயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் திரிசூலம் மலை கண்ணில் படாமல் போகாது. பக்கத்திலேயே பல்லாவரம் மலை. கொஞ்சம் தள்ளி பரங்கிமலை. சென்னையின் தெற்கு புறநகர் முழுக்க கருங்கல் ராஜ்ஜியம்தான்.

இதைப் பார்த்ததும் 'ஒரு கை பார்த்தா என்ன?' என்று இளவட்டங்களுக்கு மனசு துறுதுறுக்கும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறை ஏறும் விளையாட்டு முதன்முதலாக சேர்க்கப்பட்ட பிறகு டி.வி.யிலும், செல்போனிலும் இதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அதிகம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழக ஆரம்பித்த முதல் சில மாதங்களில் மளமளவென்று முன்னேறுபவர்கள், ஒரு கட்டத்தில் அப்படியே நின்று விடுகிறார்கள். எவ்வளவு முட்டி மோதினாலும் அடுத்த படி தாண்ட முடிவதில்லை. அந்த ஆத்திரத்தில் தினமும் தொங்கி, கை விரலை கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

வெல்டிங் வேலை, மெக்கானிக் வேலை, தையல் வேலை என்று விரலை நம்பி பிழைப்பவர்களுக்கு இது விளையாட்டு சமாச்சாரம் இல்லை. வயிற்றுப்பாட்டு சமாச்சாரம்.

கிரேடு என்றால் என்ன?

ஒரு பாறைப் பாதை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு போடப்படும் மார்க்தான் கிரேடு. உலகத்தில் பல நாடுகளில் பிரெஞ்சு முறை இருக்கிறது. அதில் 6ஏ, 6ஏ பிளஸ், 6பி, 6பி பிளஸ், 6சி, 6சி பிளஸ் என்று போய், அதற்கு மேல் 7ஏ வரும். அமெரிக்காவில் 5.9, 5.10, 5.11 என்று சொல்வார்கள். அதில் 5.10 என்பது 5.9-ஐ விட கடினம். கணக்கு வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

பாதையை முதலில் ஏறி முடித்தவர் ஒரு கிரேடு சொல்வார். பின்னால் ஏறுபவர்கள் 'சரிதான்' என்று ஒத்துக்கொண்டால் அதுவே நிலைக்கும். 'இவ்ளோ கஷ்டம் இல்லப்பா' என்றால் குறைந்துவிடும்.

'தாண்டியாச்சு' என்று சொல்லவும் சட்டம் இருக்கிறது. அடியில் இருந்து உச்சி வரை, கயிற்றில் தொங்காமல், விழாமல் ஒரே மூச்சில் ஏற வேண்டும். கயிறு உயிரைக் காப்பாற்றத்தான். ஏறுவதற்கு அல்ல. 1970-களில் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஆல்பர்ட் என்பவர், இப்படி ஏறி முடித்த பாதைகளின் அடியில் சிவப்பு பெயிண்டால் புள்ளி வைத்தார். அதனால் இதற்கு 'ரெட்பாயிண்ட்' என்று பெயர் வந்தது.

பனையேறி சொல்லும் பாடம்

முட்டுக்கட்டைக்கு முதல் காரணம் கை பலத்தை மட்டும் நம்புவதுதான். பனை ஏறுபவரைக் கவனித்தால் விஷயம் புரியும். அவர் காலில் தளை போட்டு, காலால் மிதித்து உந்தித்தான் மேலே போவார். கை மரத்தை அணைத்துப் பிடிக்க மட்டும்தான். கையால் மட்டும் இழுத்து ஏறினால் பாதி மரம்கூட தாண்ட முடியாது.

பாறையிலும் அதே கதைதான். புதியவர்கள் முழங்கையை மடக்கி, உடம்பை கையாலேயே தூக்கப் பார்ப்பார்கள். இரண்டே நிமிடத்தில் முன்னங்கை கல் மாதிரி இறுகிவிடும். அதன்பிறகு விரல் தானாக திறந்துகொள்ளும்.

தேர்ந்தவர்கள் கையை நீட்டி வைத்துக்கொண்டு, இடுப்பை பாறையோடு ஒட்டி, பெருவிரல் நுனியால் சின்ன மிதியில்கூட ஏறி நிற்பார்கள். புறநகரில் இருக்கும் கருங்கல்லில் வழவழப்பான சரிவு அதிகம். கைப்பிடி குறைவு. இந்த மாதிரி பாறையில் கால்தான் எல்லாம்.

இந்தக் கல்லுக்கு 'சார்னோகைட்' என்று பெயர். கொல்கத்தா நகர வரலாற்றில் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைதான். அதனால் புவியியல் நிபுணர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே வைத்துவிட்டார். நம்ம பரங்கிமலை கல்தான் உலகம் முழுக்க இந்த வகைக்கு முன்மாதிரி.

ஆண்களை முந்திய லின் ஹில்

கால் வேலைக்கு உலக உதாரணம் அமெரிக்க வீராங்கனை லின் ஹில். சுமார் 5 அடி 2 அங்குல உயரம்தான். எல் கேப்டன் என்ற ராட்சத பாறையில், சுமார் 900 மீட்டர் உயரம் கொண்ட 'நோஸ்' பாதையை பல பலசாலி ஆண்கள் கயிற்றில் தொங்காமல் ஏற முயன்று தோற்றார்கள். 1993-ல் லின் ஹில் அதை முடித்துக் காட்டினார். 1994-ல் அதையே ஒரே நாளில் ஏறி அசத்தினார்.

செக் நாட்டு வீரர் ஆடம் ஓண்ட்ரா 2017-ம் ஆண்டு செப்டம்பரில் நார்வே நாட்டு குகை ஒன்றில் 'சைலன்ஸ்' என்ற பாதையை ஏறினார். உலகத்தின் முதல் 9சி கிரேடு அதுதான். அதற்கு அவர் கை பயிற்சியோடு நிற்கவில்லை. முழங்காலை பாறையில் முட்டுக்கொடுத்து தலைகீழாக ஓய்வெடுப்பதற்காக கெண்டைக்கால் சதைக்கு தனியாக பயிற்சி செய்தார். ஓய்வெடுக்கவும் பயிற்சி வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம்.

விரலில் 'டப்' சத்தம்

இரண்டாவது காரணம் அவசரம். தூண்டில் கம்பில் வளையங்கள் வழியாக நரம்பு ஓடுவது போல, நம் விரலிலும் எலும்பை ஒட்டி வளையங்கள் இருக்கின்றன. அதற்குள்தான் தசைநாண் ஓடுகிறது. சின்ன விளிம்பை விரல் மடக்கிப் பிடிக்கும்போது மொத்த பாரமும் அந்த வளையத்தில் இறங்கும்.

சதை சில வாரத்தில் பலம் பெற்றுவிடும். தசைநாணும் வளையமும் பலப்பட மாதங்கள், வருடங்கள் ஆகும். 'கைதான் பலமாயிடுச்சே' என்று கஷ்டமான பாதையில் தொங்கினால், 'டப்' என்ற சத்தத்தோடு வளையம் கிழியும். ஆற பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஸ்பேனரும் பிடிக்க முடியாது, ஊசியும் பிடிக்க முடியாது.

1991-ல் ஜெர்மனி வீரர் வூல்ப்காங் குல்லிச் 'ஆக்ஷன் டைரக்ட்' என்ற பாதையில் ஏறினார். உலகின் முதல் 9ஏ அது. ஒரு விரல், இரண்டு விரல் மட்டும் நுழையும் துளைகளைப் பிடித்து தாவித் தாவி ஏற வேண்டும். இதற்கு பயன்பட்டது மரச்சட்டங்கள் அடித்த பலகை. காலை ஊன்றாமல் விரலால் மட்டும் சட்டம் சட்டமாக தாவிப் பழகுவது. 'கேம்பஸ் போர்டு' என்ற பெயரில் இது இன்று பல நாட்டு பயிற்சி கூடங்களில் இருக்கிறது.

குல்லிச் இதைச் செய்தது பல வருடம் ஏறி விரலை பழக்கிய பிறகு. முதல் வருடத்திலேயே அதைக் காப்பி அடித்தால் ஆபத்து. முக்கியமாக வளரும் வயது பிள்ளைகள் பக்கத்திலேயே போகக்கூடாது. விரல் எலும்பின் வளரும் பகுதியே உடைந்துவிடும். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தாண்ட 5 வழிகள்

* அடித்தளம் போடுங்க: 6பி ஏற ஆசை என்றால், முதலில் 6ஏ பாதைகளை நிறைய முடிக்க வேண்டும். கோபுரம் மாதிரி அடி அகலமாக இருந்தால்தான் உச்சி நிற்கும்.

* பாதையை துண்டு போடுங்க: கயிறு கட்டிக்கொண்டு கஷ்டமான இடத்தை மட்டும் தனியாக பழக வேண்டும். பிறகு உச்சிப் பகுதியைப் பழகி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு துண்டாக சேர்க்க வேண்டும். களைத்துப் போகும் கடைசி இடம் அப்போதுதான் அத்துப்படியாக இருக்கும்.

* ஒரு நாள் விட்டு ஒரு நாள்: விரலுக்கு கடுமையான வேலை கொடுத்தால் அடுத்த நாள் ஓய்வு கட்டாயம். வாரத்தில் 2 அல்லது 3 நாள் போதும். வலியோடு ஏறுவது வீரம் இல்லை.

* பட்டினி வேண்டாம்: 'எடை குறைஞ்சா ஈசியா ஏறிடலாம்' என்று சாப்பாட்டை குறைப்பவர்கள் உண்டு. பலமும் போய், எலும்பும் பலவீனம் ஆகும்.

* வெயிலை மதிங்க: சென்னை புழுக்கத்தில் விரல் வியர்த்து வழுக்கும். அதற்காகத்தான் மெக்னீசியம் கார்பனேட் பவுடர் பூசுகிறார்கள். கஷ்டமான முயற்சியை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அதிகாலையில் வைத்துக்கொள்வது நல்லது.

குவாரி பக்கம் போகாதீங்க

புறநகரில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் நிறைய இருக்கின்றன. செங்குத்தாக இருப்பதால் ஏறிப் பழக ஆசை வரும். அது ஆசை அல்ல, ஆபத்து.

குவாரி பாறை வெடி வைத்து உடைக்கப்பட்டது. வெளியே உறுதியாகத் தெரியும் கல், உள்ளே விரிசல் விட்டிருக்கும். பிடித்த கல்லே கையோடு வரும். கீழே ஆழம் தெரியாத தண்ணீர். 2017-ல் வறட்சியின்போது சிக்கராயபுரம் குவாரி தண்ணீர் சென்னையின் குடிநீர் தேவைக்கே எடுக்கப்பட்டது என்றால் ஆழத்தைக் கணக்கு போட்டுக்கொள்ளலாம்.

கயிறு இல்லாமல் ஏறுபவர்களைப் பார்த்து ஏமாறவும் கூடாது. தமிழகத்தை பூர்வீகமாகக் கொண்ட ஜோதிராஜ், கர்நாடக மாநிலம் சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறு இல்லாமல் ஏறி புகழ் பெற்றவர். கன்னடத்தில் 'கோதி ராஜ்', அதாவது குரங்கு ராஜா என்றே அழைக்கிறார்கள். அவரே 2018-ல் ஜோக் நீர்வீழ்ச்சியில் இறங்கி சிக்கிக்கொண்டு, தேடி மீட்கும் நிலை வந்தது. அவருக்கே அந்த கதி!

தலைக்கவசம், இடுப்பு பெல்ட், சோதித்த கயிறு, கீழே கயிறு பிடிக்க பழகிய ஆள், சொல்லித்தர அனுபவசாலி. இந்த ஐந்தும் இல்லாமல் தரையை விட்டு காலை எடுக்கக்கூடாது.

6ஏ-யில் இருந்து 6பி-க்குப் போக ஒரு வருடம் ஆனாலும் குடி முழுகிவிடாது. பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆய்வாளர் ஆதிமனிதனின் கல் ஆயுதத்தை கண்டெடுத்தார். அத்தனை காலத்துக்கு முன்பே மனுஷன் கை பட்ட ஊர் இது. பாறை எங்கேயும் ஓடிவிடாது. விரல் பத்திரமாக இருந்தால் நாளைக்கும் ஏறலாம், நாளைக்கும் வேலைக்குப் போகலாம்.