துரு தேய்க்கும்போது

தோழர்களே, பழைய லோரிக்குப் பெயிண்ட் அடிக்குமுன் ஒடுக்கு எடுத்துத் துருவைத் தேய்க்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் தூசி மூச்சோடு உள்ளே போகும். மூக்கில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. பெரியவர்களுக்கு வயிற்றுவலி, சோகை வரும். பிள்ளைகளுக்கோ மூளை வளர்ச்சியே கெடும்.

ஆகவே, தண்ணீரில் நனைக்கக்கூடிய மணல்தாளை வாங்கி ஈரமாகவே தேயுங்கள். பிறகு இரும்பைத் துடைத்துக் காயவைத்து அன்றே பிரைமர் அடியுங்கள், இல்லாவிட்டால் மறுபடி துரு ஏறும். தேய்த்த சட்டையோடு போய்ப் பிள்ளையைத் தூக்காதீங்க! அதைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

தகரம் கையைக் கிழித்தால் காப்பித்தூள் அப்பாதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு கிளினிக்குக்கு வாங்க. டெட்டனஸ் கிருமி துருவில் பிறப்பதல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. தோட்டத்து லோரியில் ஒட்டாத மண்ணா? கடைசியாக எந்த வருஷம் ஊசி போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.