தேடினா கிடைக்கும், அப்புறம்?

உட்காருங்க சித்தப்பா, டீ ஆறட்டும். எழுபது தாண்டினவங்க எல்லாருக்கும் ஊர் ஊரா இசிஜி எடுத்துட்டா பக்கவாதத்தையே தடுத்துடலாமேன்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி. ஆனா சட்டுன்னு ஆமாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இதயத்தோட மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம படபடன்னு நடுங்கிக்கிட்டே இருந்தா அதுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு பேரு. ரத்தம் அங்க தேங்கும். கிளறாம விட்ட பால்ல ஆடை கட்டுற மாதிரி, தேங்கின ரத்தம் உறைஞ்சு கட்டியாகும். அது கிளம்பிப் போய் மூளைக்குப் போற ரத்தக்குழாயை அடைச்சா பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவங்களுக்கு அந்த ஆபத்து மத்தவங்களைவிட சுமார் 5 மடங்கு. பலருக்கு அறிகுறியே இருக்காது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில படுத்தப்புறம்தான் தெரியும். ரத்தம் உறையாம தடுக்கிற மாத்திரை அந்த ஆபத்தைப் பாதிக்கு மேல குறைக்கும். அதனாலதான் முன்கூட்டியே பிடிச்சுடலாம்ங்கிற ஆசை.

டென்மார்க்குல பிடிச்சே பார்த்தாங்க. 70லேர்ந்து 90 வயசுக்குள்ள, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி ஏதாவது ஒண்ணு இருந்த 6,004 பேர். அவங்கள்ல 1,501 பேருக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில சின்னக் கருவி வெச்சு ராப்பகலா துடிப்பைப் பதிவு பண்ணாங்க. மத்தவங்களுக்கு வழக்கமான வைத்தியம். 5 வருஷத்துக்கு மேல கவனிச்சு 2021-ல முடிவு வந்தது. கருவி வெச்சவங்கள்ல 32 சதவீதம் பேருக்குக் கோளாறு சிக்குச்சு. வைக்காதவங்கள்ல 12 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவங்களும் ரெண்டு மடங்குக்கு மேல. அப்ப பக்கவாதம் மளமளன்னு இறங்கியிருக்கணுமே? பக்கவாதமோ, உறைகட்டி வேற ரத்தக்குழாயை அடைச்ச பாதிப்போ, கருவி வைக்காதவங்கள்ல ஆயிரம் பேருக்கு 56, வெச்சவங்கள்ல 45. அதுவும் தற்செயலா இருக்கலாம்னுதான் கணக்கு சொல்லுது. அந்த மாத்திரையால வரக்கூடிய பெரிய ரத்தக்கசிவு வைக்காதவங்கள்ல ஆயிரத்துக்கு 35, வெச்சவங்கள்ல 43. இதுவும் உறுதியில்லாத வித்தியாசம்தான். ஆனா முகாம் நோட்டீஸ்ல முதல் கணக்கை மட்டும்தான் போடுவாங்க, பாருங்க.

இவ்வளவு பேரைக் கண்டுபிடிச்சும் பலன் ஏன் ஒட்டல? எப்பவோ ஒரு தடவை ஆறு நிமிஷம் துடிப்பு தடுமாறினாலும் அந்தக் கருவி கணக்குல சேர்த்துடும். நான் சொன்ன 5 மடங்கு ஆபத்து, சாதா இசிஜியிலேயே சிக்கினவங்களை வெச்சுப் போட்ட கணக்கு. நாள் பூரா தாறுமாறா துடிக்கிற இதயத்தையும், எப்பவாவது தடுமாறுற இதயத்தையும் ஒரே பேர்ல கூப்பிட்டு ஒரே மாத்திரையை எழுதினா, ரெண்டாவது ஆளுக்கு ரத்தக்கசிவு ஆபத்து முழுசா வரும், பலன் கொஞ்சமாத்தான் வரும்.

ஸ்வீடன்ல வேற மாதிரி செஞ்சாங்க. 75, 76 வயசுக்காரங்களைக் கூப்பிட்டு, கையில பிடிக்கிற இசிஜி கருவியைக் கொடுத்து, ரெண்டு வாரம் வீட்டிலேயே பார்க்கச் சொன்னாங்க. கூப்பிட்டவங்கள்ல பாதிப் பேர்தான் வந்தாங்க. சுமார் 7 வருஷம் கழிச்சு பக்கவாதம், ரத்தக்கசிவு, சாவு எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டினா, வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு, கூப்பிடாதவங்கள்ல 57, கூப்பிட்டவங்கள்ல 55. சின்னப் பலன், ஆனா பலன்தான். அதை நான் மறுக்கல. 2022-ல அமெரிக்க நிபுணர் குழு இதையெல்லாம் பார்த்துட்டு, அறிகுறி இல்லாதவங்களுக்குப் பரிசோதனை நல்லதா கெட்டதான்னு சொல்ல ஆதாரம் போதலைன்னு முடிச்சுட்டாங்க.

நீங்க கேட்டா இதுதான் சொல்வேன். அடுத்த தடவை பிரஷர் பார்க்கப் போறப்போ டாக்டரைக் கொஞ்சம் நாடியும் பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. தாளம் தப்பினா இசிஜி. அதுலயும் தெரிஞ்சா, உங்க வயசு, சர்க்கரை, பிரஷர் எல்லாத்தையும் வெச்சுதான் மாத்திரையை முடிவு பண்ணணும். ஊர் பூரா இசிஜி எடுக்க யாராவது பணம் ஒதுக்கினா, கோளாறு இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சும் மாத்திரையைப் பாதியில விட்டவங்களை முதல்ல தேடிப் போகச் சொல்வேன்.