தங்கவயலின் கிளப்பும் நம்மவர்களின் படிப்பகமும்

தங்கவயல் என்றதும் வெளியூர் அன்பர்கள் சுரங்கத்தின் ஆழத்தைத்தான் விசாரிப்பார்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது உண்மைதான். மேலே ஏறி வந்த மனுஷன் மிச்சப் பொழுதை எங்கே கழித்தான் என்பதை ஒருத்தரும் கேட்பதில்லை.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. கூடவே இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கக்காரர்களும் வந்தார்கள். தோட்டமும் பங்களாவுமாக ஊரே ‘குட்டி இங்கிலாந்து’ என்று பேர் வாங்கியது. அந்தத் துரைமார்களுக்காக எழுந்ததுதான் கே.ஜி.எஃப். கிளப். பில்லியர்ட்ஸ், டென்னிஸ், கோல்ஃப், ஆணும் பெண்ணும் சேர்ந்தாடும் நடனம் எல்லாம் உண்டு. நம்மவர்கள் உள்ளே போனால் வேலைக்காரராகத்தான்.

வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம் முன்னோர்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வைத்து அடைத்த ஒற்றை அறை. ‘தட்டி வீடு’ என்றால் பெரியவர்களுக்கு இன்னும் விளங்கும். ராத்திரி ஷிப்டு முடித்தவன் தூங்கணும், பகல் ஷிப்டு முடித்தவன் உட்காரணும். இந்த நெருக்கடியில் வீட்டுக்கு வெளியே ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தரும் சேதி இதுதான். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. அப்பாதுரையார் அதை நடத்தினார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை இங்கிருந்து அச்சிட்டு வெளியிட்டது. பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களின் ஊர் ஒரு பதிப்பு ஊராகவும் இருந்தது என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்! ஓய்வு என்றால் அவர்களுக்குச் சும்மா இருப்பது இல்லை. படிப்பதும், படிக்கக் கேட்பதும், வாதம் பண்ணுவதும்தான். கால்பந்தும் நாடகமும் அதற்குப் பக்கத்திலேயே நடந்தன.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. கிளப்பில் துரைமார் போய் இந்திய ஆபீசர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலி மாறியது, தொழிலாளிக்கு வாசல் அதேதான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் கிளப்பில் ஊர்க்காரர்களும் உறுப்பினரானார்கள். வாசல் திறந்தபோது நம்மவர்கள் கையில் சம்பளம் இல்லை. விடியுமுன்னே ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிற பிள்ளைகளுக்குக் கிளப்புக்குப் போக நேரமேது? அரட்டை, அரசியல், பேப்பர் படிப்பு எல்லாம் இப்போது மாரிக்குப்பம் ரயில் பெட்டியில்தான் நடக்கிறது.