அணுக்கருவின் வடிவமும் சுழற்சியும்

அணு முதல் அண்டம் வரை அனைத்தும் சுழல்கின்றன என்றும், அது இறைமறை கூறும் உண்மை என்றும் நாம் ஜும்ஆ பயானில் பலமுறை பேசியதுண்டு. அண்ணாமலை நகரில் இயற்பியல் பயிலும் இளைஞர் ஒருவர் தொழுகைக்குப் பின் நம்மை அணுகி, “ஹஜ்ரத், ஈயத்தின் கரு சுழல்வதில்லையே!” என்றார். அவர் கூற்று சரியானதே. அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஈயம்-208இன் கருவில் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் உள்ளன. அவற்றின் கூடுகள் முழுமையாக நிரம்பியிருப்பதால் கரு கோள வடிவம் பெறுகிறது. கோளத்தை எப்பக்கம் திருப்பினும் அதன் நிலை மாறுவதில்லை. மாற்றமே இல்லாத இடத்தில் சுழற்சி என்பதற்குக் குவாண்டம் இயற்பியலில் பொருளில்லை.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணலிலுள்ள தோரியம்-232 இதற்கு மாறானது. நிரம்பாத கூடுகளிலுள்ள துகள்கள் அதன் கருவைப் பேரீச்சம்பழம் போல் சற்றே நீளச் செய்கின்றன. நீண்ட பொருளுக்குத் திசை உண்டு; ஆதலால் அது சுழல இயலும். சுழற்சி எண்ணையும் அதற்கடுத்த எண்ணையும் பெருக்கிய அளவுக்கேற்பச் சுழற்சி ஆற்றல் உயரும். 2க்கு 6, 4க்கு 20, விகிதம் 3.33. தோரியத்தில் அவ்விரு படிகளின் ஆற்றல் 49.4, 162.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட், விகிதம் 3.28. வேகம் கூடும்போது கருவின் உள்ளமைப்பு சற்று நெகிழ்வதே இச்சிறு குறைவுக்குக் காரணம்.

இவ்வகை ஆய்வுகளுக்காக ஆகே போர், மாட்டல்சன், ரெயின்வாட்டர் ஆகிய மூவரும் 1975இல் நோபல் பரிசு பெற்றனர். அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீண்டு அதிவேகமாகச் சுழலும் டிஸ்புரோசியம்-152இன் கரு, 1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. ரேடியம்-224 பேரிக்காய் வடிவினது என்பதை 2013இல் செர்ன் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. தோரியத்தின் சிதைவில் பிறக்கும் அந்த ரேடியம் நம் குமரி மணலிலும் உள்ளது.

சூரியனும் சந்திரனும் தத்தம் பாதையில் நீந்துவதை இறைமறை கூறுகிறது. அணுக்கரு அனைத்தும் சுழல்வதாக அது கூறவில்லை; நாமே அதன் பெயரால் கூறினோம். பத்லமியூஸின் கூற்றுகளையே ஐயுற்று நூலெழுதிய இப்னுல் ஹைதமின் வழிவந்தோருக்கு இது தகுமா? அறிவியல் திருத்தப்படும்போது, நாம் ஏற்றிக் கூறிய பொருளும் பொய்க்கும். கேட்டிருந்த இளைஞரோ மறையையே ஐயுறுவார்.

அடுத்த ஜும்ஆவில், அதே மேடையில், நம் கூற்றைத் திருத்திக் கொண்டோம்.