குடியை விட்டவர் மீண்டும் இறங்கும் குழி

மதுமீட்பு மையத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவருக்கு மருத்துவர்கள் சொல்லி அனுப்பும் அறிவுரைகளில் முதன்மையானது இது: குடிக்கத் தூண்டும் இடங்களையும் ஆட்களையும் பொழுதுகளையும் சில மாதங்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவரால் இதை ஓரளவு பின்பற்ற முடியும். மாலையில் வேறு தெரு வழியாக வீடு திரும்பலாம். பழைய நண்பர்களைச் சிறிது காலம் சந்திக்காமல் இருக்கலாம். ஆனால் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் உழைப்பவருக்குக் குடிக்கத் தூண்டும் இடம் எது? அவருடைய வேலையிடமே அது. அதைத் தவிர்த்தால் அடுப்பு எரியாது.

குடிநோயிலிருந்து மீள்வது தனிமனித மனவுறுதியைப் பொறுத்தது என்றே நம் சமூகம் நம்புகிறது. தூய்மைப் பணியாளர்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை, சாதி அவர்கள்மீது சுமத்திய வேலையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கிவிட்டு, அவ்வேலையைத் தாங்கிக்கொள்ள அவர்கள் நாடும் மதுவை மட்டும் குற்றமாக்குகிறது. வேலையின் தன்மை மாறாமல் ஒருவரை அதே குழிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அவர் மீண்டும் குடித்துவிட்டார் என்று வருந்துவதில் பொருளில்லை.

குடி சாதிப் பழக்கமல்ல

"அவங்க சனமே அப்படித்தான்" என்று எளிதாகச் சொல்லப்படுவதுண்டு. மலமும் அழுகலும் நிறைந்த குழிக்குள் இறங்கும் உடல் இயல்பாகவே குமட்டும். மூக்கும் தோலும் மறுக்கும். அந்த மறுப்பை மரத்துப்போகச் செய்யவே மது பயன்படுகிறது. 2017இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்த மாணவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் வேலையால் அல்ல, பிறப்பாலேயே துப்புரவாளராக்கப்படுகிறார் என்று அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். அவ்வாறு பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட வேலையைச் செய்வதற்கான மயக்க மருந்தாக மது மாறிய பிறகு, அம்மதுவையும் பிறப்போடு முடிச்சிடுவது சாதியின் இரண்டாவது தண்டனை.

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய அழைப்பவர்களே கூலியோடு ஒரு குவார்ட்டரும் வாங்கித் தருவது ஊரறிந்த வழக்கம். இது பரிவாகத் தோன்றும். உண்மையில் அது வேலையின் கொடுமையை அழைப்பவரும் அறிவார் என்பதற்கான ஒப்புதல். ஊதியம் பணமாகவே வழங்கப்பட வேண்டும் என்பது சட்டம். குவார்ட்டர் ஊதியமாகாது.

முதல் வாரங்களில் உடலுக்கு என்ன நேர்கிறது

பல ஆண்டுகள் அன்றாடம் குடித்தவர் ஒரு நாள் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, பதற்றம், தூக்கமின்மை தொடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நினைவு தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றும் அளவுக்குக் கடும் நிலை ஏற்படும். சிகிச்சையின்றி விட்டால் அது உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே "இன்றோடு விட்டேன்" என்று சூளுரைத்துவிட்டு மறுநாள் காலை வேலைக்கு வருபவரை வீரராகப் போற்றுவதைவிட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே தேவை. அந்நிலையில் ஆள்நுழைவுக் குழியின் விளிம்பில் நிற்பது இரட்டை ஆபத்து.

இந்தக் கட்டம் கடந்த பிறகும் தூக்கக் குலைவும் எரிச்சலும் பல வாரங்கள் நீடிக்கும். முதல் மூன்று மாதங்களில்தான் மீண்டும் குடிக்கும் வாய்ப்பு மிகுதி. குடியோடு பிணைந்திருந்த மணம், நேரம், இடம் ஆகியவை எதிர்ப்படும்போது மூளை பழைய விடையையே கேட்கும். இருபது ஆண்டுகளாகச் சாக்கடை நாற்றத்தை மதுவோடு சேர்த்தே அறிந்த ஒருவருக்கு, அந்த நாற்றமே மதுக்கடையின் அழைப்பாகிவிடுகிறது. இது ஒழுக்கக் குறைபாடல்ல. மூளை கற்றுக்கொண்ட பாடம்.

மருந்துகளுக்கும் வேலையிடத்துக்கும் தொடர்புண்டு. டைசல்பிரம் உட்கொள்பவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் இரத்த அழுத்தச் சரிவும் ஏற்படும், உயிராபத்தும் நேரலாம். எரிசாராயம் கலந்த கைகழுவும் திரவங்களைக்கூட அவர்கள் தவிர்க்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் உணவில் இம்மருந்தைக் கலந்து கொடுப்பது சிகிச்சையாகாது, ஆபத்தான செயல். நால்ட்ரெக்சோன் உட்கொள்பவர் விபத்தில் அடிபட்டால், அபின் வகையைச் சேர்ந்த வலிநீக்கிகள் அவருக்கு வேலை செய்யாமல் போகலாம். எனவே எந்த மருந்து உட்கொள்கிறோம் என்ற சீட்டு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

பழங்காநத்தம் நினைவூட்டுவது

2022 ஏப்ரல் 21 அன்று மதுரை பழங்காநத்தம் நேரு நகரில், மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதை நீக்கச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தனர். மதுவைப் பற்றிப் பேசுவதற்காக இம்மரணங்களை இங்கு நினைவுகூரவில்லை. மீண்டு வருபவரை நாம் எத்தகைய வேலையிடத்துக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்பதை உணர்த்தவே நினைவுகூர்கிறோம்.

குடித்தால் வாயு ஏறாது என்ற நம்பிக்கை தொழிலாளரிடையே உண்டு. அது முற்றிலும் தவறு. சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டியதும் அது முகர்வு நரம்பை மரக்கச் செய்கிறது. நாற்றம் போய்விட்டது என்று நம்பும் தருணத்தில்தான் ஆபத்து மிகுகிறது. 1000 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் மயக்கமும் மரணமும் நேரும். மது இதில் எதையும் தடுப்பதில்லை. தப்பி மேலேறும் வேகத்தையே குறைக்கிறது. அதேவேளை, குடிக்காதவரையும் இந்த வாயு விட்டுவைப்பதில்லை. குடியை நிறுத்துவது தொழிலாளரின் உடலைக் காக்கும். குழியில் இறக்குவதை நிறுத்துவதே அவர் உயிரைக் காக்கும்.

சிகிச்சைக்கும் கூலிக்கும் இடையே

ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மேற்கொண்டு 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார்; மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேரில் ஒருவர். தினக்கூலிக்கு உழைப்பவர் சில வாரங்கள் உள்நோயாளியாகத் தங்குவது என்றால், அத்தனை நாள் கூலியையும் இழப்பது என்று பொருள். அதனால்தான் பலர் பாதியில் வெளியேறி, உடல் தேறும் முன்பே வேலைக்குத் திரும்புகின்றனர்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளருக்குத் தகுதிக்கான பங்களிப்பு நாள்கள் நிறைவடைந்திருந்தால், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஒப்பந்ததாரர் ஈ.எஸ்.ஐ. கட்டியிருக்கிறாரா என்று சரிபார்ப்பது, இவ்விடத்தில் மதுமீட்புப் பணியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

'குடித்திருந்தார்' என்ற சொல்லும் சட்டமும்

கழிவுநீர் மரணங்கள் நிகழும்போதெல்லாம் ஒப்பந்ததாரர் தரப்பில் எழக்கூடிய முதல் சொல் "அவர் குடித்திருந்தார்" என்பது. குடிநோயிலிருந்து மீண்டு வந்தவர்மீது இச்சொல் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். எனவே சட்டம் சொல்வதை அறிந்திருப்பது தேவை.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. தொழிலாளர் குடித்திருந்தாரா என்பது அக்குற்றத்தை இல்லாமலாக்காது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், போதையால் நேர்ந்த காயங்களுக்கு முதலாளிக்கு விலக்களித்தது. ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அவ்விலக்கு பொருந்தாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதே நிலையைத் தொடர்கிறது. 2014 மார்ச் 27 தீர்ப்பில் 10 லட்சம் ரூபாயாக இருந்த கழிவுநீர் மரண இழப்பீட்டை, 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுப்பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் அதற்கான அட்டை இல்லாவிடினும் அரசு செலவில் இலவசச் சிகிச்சை பெற உரிமையுண்டு. சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. எதற்காக விடுப்பு எடுத்தீர் என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பதற்கு இச்சட்டம் இடமளிக்கவில்லை.

வேலைக்குத் திரும்புதல் எப்படி இருக்க வேண்டும்

மதுச் சிக்கலை மற்ற நோய்களைப் போலவே நடத்த வேண்டும், சிகிச்சை நாடுபவரைப் பாகுபடுத்தக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு நடைமுறைக் குறிப்பு வலியுறுத்துகிறது. அதை நம் சூழலுக்குப் பொருத்தினால், மாநகராட்சியிடமும் ஒப்பந்ததாரரிடமும் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவாகின்றன.

முதலாவது, யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்பதே அடிப்படை. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, மீண்டு வருபவருக்குக் குறைந்தது முதல் மூன்று மாதங்களுக்குச் சாக்கடை, கழிவுநீர் சாராத மாற்றுப் பணி, ஊதியக் குறைப்பின்றி வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, மருத்துவரைச் சந்திக்கும் நாளில் கூலி பிடிக்கக் கூடாது. மூன்றாவது, தூக்கம் சீராகும்வரை இரவுப் பணியும் தனித்த பணியும் கூடாது. நான்காவது, வேலையிடத்தில் மதுவைக் கூலியாகவோ அன்பளிப்பாகவோ தருவதை ஒப்பந்த நிபந்தனையிலேயே தடை செய்ய வேண்டும். ஐந்தாவது, மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் அதை நோயின் திரும்பலாகக் கருதிச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அன்று அவரை ஆபத்தான பணியிலிருந்து விலக்குவது சரி. வேலையைவிட்டே நீக்குவது தவறு.

செயற்பாட்டாளர்களான நமக்கும் பொறுப்புண்டு. திரும்பி வந்தவரை மேடையேற்றி எடுத்துக்காட்டாக்குவதும், சந்திக்கும்போதெல்லாம் "இன்னும் குடிக்காமல்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்பதும் அவருக்குச் சுமையே. கூலி வாங்கும் மாலையில் அவரோடு வீடுவரை நடந்து செல்லும் ஒரு தோழர் அதைவிடப் பயன்படுவார். குடிப்பழக்கமுள்ள பெண் பணியாளர்களை மறந்துவிடக் கூடாது. இரட்டை அவமானத்துக்கு அஞ்சி அவர்கள் சிகிச்சையையே நாடாதிருக்கலாம். போதைமீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய கட்டணமில்லா எண்களை ஒவ்வொரு குடியிருப்பின் சுவரிலும் எழுதிவைக்கலாம்.

அரசின் கணக்கு எஞ்சியிருக்கிறது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழ்நாடு அரசுக்கு, 2023-24ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியே 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் கிடைத்தது. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' போதைமீட்பு மையங்கள் தொடங்கப்பட்டதை வரவேற்கலாம். ஆனால் அங்கிருந்து வெளியே வரும் தூய்மைப் பணியாளருக்கு மறுநாள் என்ன வேலை தரப்படுகிறது என்ற கேள்விக்கு மருத்துவத் துறையால் மட்டும் விடை சொல்ல முடியாது. மதுவை விற்பதும், சாக்கடையை ஒப்பந்தத்துக்கு விடுவதும், மீட்பு மையம் நடத்துவதும் அரசின் வெவ்வேறு கைகள். இம்மூன்றும் சந்திக்கும் ஒரே இடம் அத்தொழிலாளரின் உடல். அவர் குடியை விட்டுவிட்டு வேலைக்கு வரும் நாளில், அவருக்காக மாற்றுப் பணி ஆணை ஒன்று காத்திருக்க வேண்டும். திறந்த குழி அல்ல.