பப்பாளிப் பாலும் பல் கிளிப்பும்

நம் வண்டூர்ப் பிள்ளைகளுக்குப் பல்லில் கிளிப் போடவேண்டுமானால் போர்ட் பிளேருக்குத்தான் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பஸ் ஏறவேண்டும். பல்லில் ஒட்டிய பிராக்கெட் ஒன்று பிய்ந்து வந்தாலும் அதே பஸ்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாள் போகும், பெற்றோருக்கு வேலை ஒரு நாள் போகும்.

ஏன் பிய்ந்து வருகிறது? முறுக்கு, கமர்கட்டு ஒரு காரணம். ஒட்டும் இடம் சரியாகத் தயாராகாதது இன்னொரு காரணம். ரயில்வேயில் இரும்புப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது துரு சுரண்டுவதுதான் பாதி வேலை. அதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டும் செதில் செதிலாக உரிந்துவிடும். பல்லும் அப்படித்தான்.

பல்லின் மேலோடான எனாமல், எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. வழவழப்பான அதன்மேல் பசை நிற்காது. 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் புவனகோர் இதற்கு ஒரு வழி கண்டார். பாஸ்பாரிக் அமிலத்தைச் சில விநாடிகள் தடவினால் எனாமலில் நுண்ணிய குழிகள் விழும். பசை அவற்றுக்குள் இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். இன்றும் இதே முறைதான். அமிலம் மட்டும் 37 சதவீத அளவில்.

ஆனால் அமிலம் தாதுவைக் கரைக்குமே தவிர, புரதத்தை அவ்வளவாகத் தொடாது. எனாமலுக்குள் கொஞ்சம் புரதம் உண்டு. மேலே எச்சில் படிந்த மெல்லிய புரதப் படலமும் உண்டு. பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே அது மறுபடி படிய ஆரம்பித்துவிடும். அது இருக்கும் இடத்தில் குழி சரியாக விழாது. சோடியம் ஹைப்போகுளோரைட் புரதத்தை நீக்கும். ஆனால் அது துணி வெளுக்கும் திரவம். ஈறில் பட்டால் எரியும், வாடையும் சகிக்காது.

இங்கேதான் பப்பாளி வருகிறது. கறி சீக்கிரம் வேக நம் வீட்டுப் பெண்கள் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அதே சங்கதி. காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பாயின் என்ற என்ஸைம் இருக்கிறது. அது புரதத்தை அறுக்கும், தாதுவைத் தொடாது. அன்னாசியில் இருப்பது ப்ரோமலைன். அன்னாசி தின்றால் நாக்கு சுரசுரப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பப்பாயினுக்காகவே கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1985இல் கோ-5 என்ற பப்பாளி ரகத்தை வெளியிட்டது.

சொத்தையைச் சுரண்டி எடுக்க உதவும் பப்பாயின் ஜெல் 2003இல் பிரேசிலில் வந்தது. பிறகு பிராக்கெட் ஒட்டுவதற்கும் அதைச் சோதித்தார்கள். 2015இல் மதுரா ஆய்வாளர்கள், அமிலத்துக்கு முன் 10 சதவீத பப்பாயின் ஜெல் தடவினால் பிடிப்பு கூடுகிறது என்று எழுதினார்கள். எல்லாச் சோதனைகளும் ஒரே மாதிரி முடிவு தரவில்லை. பெரும்பாலும் பிடுங்கிய பற்களில் செய்தவை. எனவே உங்கள் டாக்டர் இதைப் பயன்படுத்தாவிட்டால் குறை என்று எண்ணவேண்டாம்.

கொல்லையில் மரம் இருக்கிறதே என்று பப்பாளிப் பாலைப் பல்லில் தடவாதீர்கள்; வாய் புண்ணாகும். அன்னாசிச் சாறோ புளிப்பு, எனாமலையே அரிக்கும். ரப்பர் கையுறை பட்டால் அரிப்பு எடுக்கும் பிள்ளைக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நாற்காலியில் உட்காருமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.