பற்றரியின் மூன்றாவது முனை எதற்கு?

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மின்கலத்துக்கு இரண்டே முனைகள்: ஒன்று நேர் முனை, மற்றையது மறை முனை. சுற்றொன்று பூர்த்தியாக இவை இரண்டும் போதும் என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் பழைய நோக்கியா கையடக்கத் தொலைபேசியின் பின்மூடியைத் திறந்து, பி.எல். 5சி என்ற பற்றரியை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று பொன்னிறத் தகடுகள் இருக்கும். வேறு சில தொலைபேசிகளின் பற்றரிகளில் நான்கு இருக்கும். மடிக்கணினியின் பற்றரியில் இன்னும் அதிகம். மின்சாரம் போய்வர இரண்டு போதுமென்றால் மற்றவை எதற்கு?

அவை மின்சாரத்தைக் கொண்டு செல்வதற்கானவை அல்ல. பற்றரியைப் பற்றிய செய்தியைக் கொண்டு செல்வதற்கானவை.

இவற்றுள் இருப்பது இலிதியம் அயன் மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறிய உருவத்துள் பெருமளவு சக்தியைச் சேமிக்கும் இது, கண்டிப்பான பராமரிப்பையும் வேண்டி நிற்கிறது. சாதாரண வகையில் ஒரு கலம் 4.2 வோல்ற்றை அடைந்ததும் சார்ஜ் ஏற்றுவது நிறுத்தப்பட வேண்டும். பொதுவாக 0 பாகை செல்சியஸுக்குக் கீழும் 45 பாகைக்கு மேலும் சார்ஜ் ஏற்றக்கூடாது. கடுங்குளிரில் ஏற்றினால் இலிதியம் உலோகமாகப் படியும். அது ஊசிபோல் வளர்ந்து, உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்பானைத் துளைக்கவும் கூடும். அதிக வெப்பத்தில் ஏற்றினால் உள்ளிருக்கும் இரசாயனப் பொருட்கள் சிதையத் தொடங்கும். பற்றரி வீங்கலாம், தீயும் பிடிக்கலாம்.

பற்றரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை நேர், மறை முனைகளின் வோல்ற்றளவு ஓரளவு காட்டும். எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அது காட்டாது. அதற்காகவே பல பற்றரிகளில் ‘தேமிஸ்ரர்’ எனப்படும் சிறு தடை வைக்கப்பட்டு, மேலதிக முனையுடன் இணைக்கப்படுகிறது. உலோகக் கம்பி சூடாகும்போது அதன் தடை கூடும், இதிலோ குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையின் தடை 25 பாகையில் 10,000 ஓம். 45 பாகையில் ஏறக்குறைய அதில் பாதி. தொலைபேசி அதனூடாக மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, ஓமின் விதிப்படி தடையைக் கணித்து, வெப்பநிலையை அறிகிறது. சூடு கூடினால் சார்ஜைக் குறைக்கிறது, அல்லது நிறுத்துகிறது.

வேறு சில முனைகள் அடையாளம் சொல்பவை. பி.எல். 5சியின் மூன்றாவது தகடு அத்தகையது. அதனுடன் இணைந்த தடையின் பெறுமானத்தைக் கொண்டு, பொருத்தப்பட்டிருப்பது எவ்வகைப் பற்றரி என்பதைத் தொலைபேசி அறிகிறது. மடிக்கணினியின் பற்றரியுள் சிறியதொரு கணிப்புச் சில்லே இருக்கிறது. எவ்வளவு சார்ஜ் மீதமுண்டு, எத்தனை தடவை ஏற்றி இறக்கப்பட்டது என்பவற்றை அது இரு முனைகள் வழியே கணினிக்குச் சொல்கிறது.

கடையில் மலிவான பற்றரி வாங்கும்போது கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சில போலிகளில் தேமிஸ்ரருக்குப் பதிலாக, மாறாத ஒரு சாதாரண தடை வைக்கப்பட்டிருக்கும். பற்றரி கொதித்தாலும் தொலைபேசிக்குக் கிடைக்கும் செய்தி “25 பாகை, எல்லாம் சுகம்” என்பதே. பற்றரியைக் கழற்றிக் கவ்வி வைத்து ஏற்றும் சிறு சார்ஜரும் இரண்டு முனைகளையே தொடுகிறது. வெப்பநிலை அதற்குத் தெரியாது.

மேலதிக முனை இருப்பதாலேயே ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதுமில்லை. 2007இல், குறித்த ஒரு காலத்தில் தயாரான 4 கோடி 60 இலட்சம் பி.எல். 5சி பற்றரிகளைப் பற்றி நோக்கியாவே எச்சரிக்கை விடுத்தது. சார்ஜ் ஏறும்போது குறுஞ்சுற்று உண்டாகி அவை அளவுமீறிச் சூடாகலாம் என்பதே காரணம். உள்ளே நேரும் பழுதை வெளியே உள்ள தகடு தடுத்துவிடாது.

ஆகவே பெற்றோரே, மாணவிகளே! தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். சூடு வெளியேற வழியிராது. வீங்கிய பற்றரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம். உடனே பாவனையை நிறுத்துங்கள். பற்றரியை மாற்ற நேர்ந்தால், சில நூறு ரூபாய் கூடினாலும் நம்பகமானதையே வாங்குங்கள். அந்தச் சின்னஞ்சிறு தகடு உண்மையைச் சொன்னால்தான் தொலைபேசி நம்மைக் காக்க முடியும்.